காந்தம் தரும் குளிர்

காட்பாடியை விட்டு மேற்கே செல்லும் ரயில் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்ற ஊர்களைத் தொட்டுக்கொண்டு ஜோலார்பேட்டையை அடைகிறது. கண்ணயர்ந்திருக்கும் பயணிகூட ஆம்பூர் நெருங்குவதை அறிந்துகொள்வார்; மூக்கு சொல்லிவிடும். பிரியாணியின் மணத்தை நான் சொல்லவில்லை. தோல் மண்டிகளிலிருந்தும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலிருந்தும் எழுந்து வரும் நெடியைச் சொல்கிறேன். இன்று காந்த உலோகங்களைப் பற்றிப் பேச வந்தவன் தோலைப் பற்றி ஏன் தொடங்குகிறான் என்று மாணவ நண்பர்கள் வியக்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

மண்டி ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தால், தோல்கள் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் உப்பு, தரையிலும் உப்பு, வேலை செய்வோரின் கால் விரலிடுக்குகளிலும் உப்பு. உரித்த தோல் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திற்குள் அழுகத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் முதலில் மயிர்க்கால்களைத் தளர்த்தும்; பிறகு தோலின் மேற்பரப்பை அரித்துக் குழி விழச் செய்யும். அவ்வாறு கெட்ட தோல் எந்தப் பதனிடுதலாலும் திருந்தாது. ஆகவே பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு உப்பை அதன்மேல் தேய்க்கிறார்கள். 20 கிலோ எடையுள்ள மாட்டுத் தோலுக்கு 8 கிலோ உப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த உப்பு செருப்பாகவோ பையாகவோ மாறுவதில்லை. உதறியது போக மிஞ்சியதெல்லாம் ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து கழிவு நீரோடு வெளியேறுகிறது. பாலாற்றங்கரையில் ஒரு காலத்தில் ஊற்றுக்கால் வெட்டி நெல் விளைவித்த நிலங்கள் பல உப்பேறிப் போனதற்குத் தோல் கழிவு நீர் பெரிய காரணம். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற கணக்கெடுப்பு, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டில் அவ்வழக்கில் வந்த தீர்ப்பைச் சட்டம் பயிலும் மாணவர்கள் அனைவரும் அறிவர். 2025 ஜனவரியிலும் பாலாறு பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு வழங்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவு நீரைச் சவ்வு வழியே வடித்தெடுத்து, மீதியைக் காய்ச்சி உப்பாக்கும் ஏற்பாடும் வந்தது. ஆற்றுக்குள் போகாத உப்பு இப்போது மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. அந்த உப்பில் அழுக்கு கலந்திருப்பதால் அதை மீண்டும் பயன்படுத்துவதும் எளிதன்று. முதலிலேயே உப்பைப் போடாமல் இருந்தால் என்ன?

போடாமல் இருக்கலாம். அதற்கு வேண்டியது குளிர். ஆட்டை அறுத்தவுடன் இறைச்சி குளிர்ப்பெட்டிக்குப் போகிறது. அதே ஆட்டின் தோல் உப்புக்குப் போகிறது. இரண்டையும் கெடுக்க வரும் நுண்ணுயிர் ஒன்றே. தோலை விரைவில் 5 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து அந்நிலையிலேயே வைத்திருந்தால், உப்பின்றியே பல நாட்கள் அது கெடாமல் இருக்கும். அடிமாட்டுக் கூடமும் பதனிடும் கூடமும் அருகருகே உள்ள சில நாடுகளில் இம்முறை வழக்கத்தில் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பச்சைத் தோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஒரு கிலோ தோலின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்கச் சுமார் மூன்றரை கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 20 கிலோ தோலை 37 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர 2,240 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் இது முக்கால் யூனிட்டுக்கும் குறைவான வெப்பம். தான் உண்ணும் மின்சாரத்தைப் போல் மும்மடங்கு வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரமாக இருந்தால், செலவு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு! 8 கிலோ உப்புக்கு மாற்று இவ்வளவு சிறிய மின்சாரமா என்று நானே இருமுறை கணக்கைச் சரிபார்த்தேன். சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் நுழையும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் தொகை மலைக்கத்தக்கதன்று.

அப்படியானால் ஏன் செய்யவில்லை? தோல் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. பல மாநிலங்களின் சிற்றூர்களிலிருந்து ஒன்றும் இரண்டுமாகச் சேர்ந்து, மண்டி மண்டியாகக் கைமாறி, லாரியில் ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் வந்து சேர்கிறது. உப்புக்கு மின்சாரம் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். குளிரோ வழியில் ஓரிடத்தில் அறுந்தாலும் சரக்கு முழுவதும் போய்விடும். எனவேதான் சிறியதாகவும், எளிதில் பழுதாகாததாகவும், வாயு கசியாததாகவும் ஒரு குளிர் இயந்திரம் கிடைக்குமா என்ற கேள்விக்கு இப்பகுதியில் தனி மதிப்பு உண்டு. இங்கேதான் காந்தம் வருகிறது.

நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி ஒரு வாயுவை அழுத்துகிறது. அழுத்தினால் சூடேறும், அச்சூட்டை வெளியே விட்டுவிட்டு வாயுவை விரியவிட்டால் குளிரும். இவ்வேலைக்கு நெடுங்காலம் பயன்பட்ட வாயுக்கள் வான்வெளியில் கலந்தால் தீங்கு செய்பவை. 2016-இல் கிகாலி நகரில் எட்டிய உடன்பாட்டின்படி அவற்றை உலகநாடுகள் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்தியாவும் 2021-இல் அதை ஏற்றது. கசியவே முடியாத ஒரு குளிர்விப்பான் வேண்டுமென்றால் அது திடப்பொருளாக இருக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அகலமான ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, தளரவிட்டு மீண்டும் உதட்டில் வையுங்கள், குளிர்ச்சி தெரியும். ரப்பருக்குள் தாறுமாறாகச் சுருண்டு கிடந்த இழைகளை இழுப்பு ஒழுங்குபடுத்துகிறது. அங்கே குறைந்த ஒழுங்கின்மை வெப்பமாக வேறிடத்தில் தலைகாட்டுகிறது.

காந்த உலோகத்தில் நடப்பதும் இதுவே. அதன் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். உலோகத்தை ஒரு வீடாக எண்ணினால், அவ்வீட்டில் இரண்டு உண்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் இருப்பது குட்டிக் காந்தங்களின் திசைக்குழப்பம். மற்றொன்றில் அணுக்களின் நடுக்கம், அதாவது வெப்பம். வெளியாரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவரை இரண்டும் சேர்ந்த தொகை மாறாது. வலிய காந்தப் புலத்துக்குள் உலோகத்தைக் கொண்டுசென்றால் குட்டிக் காந்தங்கள் ஒரே திசையில் திரும்பி முதல் உண்டியல் குறைகிறது, இரண்டாவது நிறைகிறது, உலோகம் சூடாகிறது. அச்சூட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் புலத்தை நீக்கினால், குட்டிக் காந்தங்கள் மீண்டும் குழம்புவதற்கு வேண்டியதை இரண்டாம் உண்டியலிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. உலோகம் முன்னிருந்ததைவிடக் குளிர்கிறது.

பிரெஞ்சு நாட்டுப் பௌதிக அறிஞர் பியேர் வைஸ், சுவிட்சர்லாந்தின் அகுஸ்த் பிக்கார் ஆகிய இருவரும் 1917-இல் நிக்கல் உலோகத்தில் இவ்விளைவைத் தெளிவாகக் கண்டார்கள். அவர்கள் அளந்தது ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றமே. அதுவும் அறையில் அன்று. 355 டிகிரியை ஒட்டிய கொதிசூட்டில். அமெரிக்க அறிஞர் ஜியோக் என்பவர் 1933-இல் காடோலினியம் உப்பு ஒன்றைக் கொண்டு நேர்மாறான எல்லைக்குச் சென்று, கெல்வின் அளவில் கால் டிகிரி வரை இறங்கினார். 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் குளிரில் வேலூர்த் தோலுக்கு ஒரு பயனும் இல்லை.

நிக்கலில் இவ்விளைவு 355 டிகிரியில் ஏன் தோன்றியது? ஒவ்வொரு காந்த உலோகத்துக்கும் ஒரு வரம்பு வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே குட்டிக் காந்தங்கள் தம் ஒற்றுமையை இழந்துவிடும். இதைக் கியூரி நிலை என்பர். அதற்கு மிகக் கீழே அவை தாமாகவே ஒழுங்காக நிற்கின்றன. புலம் வந்து திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மிக மேலேயோ நடுக்கம் மிகுதி. புலத்தின் சொல் எடுபடாது. இரண்டுக்கும் இடையில் தடுமாறும் அந்த எல்லையில்தான் சிறு தூண்டுதல் பெரிய மாற்றத்தைத் தருகிறது. இரும்பின் கியூரி நிலை 770 டிகிரி. கோபால்ட்டுக்கோ 1,100 டிகிரிக்கும் மேல். காடோலினியம் என்னும் அருமண் உலோகத்துக்கு மட்டும் ஏறக்குறைய 20 டிகிரி. இயற்கை தற்செயலாகச் செய்த இவ்வுதவி இல்லாவிட்டால் இத்துறை இன்னும் தாமதமாகத்தான் பிறந்திருக்கும்.

அமெரிக்க விண்வெளித் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பிரவுன் 1976-இல் காடோலினியத் தகடுகளை ஒரு திரவக் குழாய்க்குள் வைத்து, 7 டெஸ்லா வலிமையுள்ள புலத்தை ஏற்றி இறக்கினார். புவியின் காந்தத்தைப் போல் இலட்சம் மடங்குக்கும் மேலான வலிமை அது. ஒரு முறை ஏற்றி இறக்கினால் கிடைப்பது சில டிகிரிகளே. ஆழ்கிணற்று நீரை ஒரே இறைவையில் மேலேற்ற முடியாதபோது, இடையிடையே தொட்டி கட்டிப் படிப்படியாக ஏற்றுவதில்லையா? அப்படியே திரவத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு சுற்றில் குளிர்ந்த இடத்திலிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்கச் செய்தார். குழாயின் ஒரு முனை 46 டிகிரிக்கு ஏறியது. மறுமுனை உறைநிலைக்கும் சற்றுக் கீழே இறங்கியது. நாற்பத்தாறு டிகிரி என்பது நம் அக்கினி நட்சத்திர வெயிலையும் தாண்டியது என்பதைக் கவனியுங்கள். ஆயினும் அவர் குழாய்க்குள் குளிர்விக்க வேண்டிய சரக்கு எதுவும் இல்லை. 7 டெஸ்லா காந்தத்தை ஒரு தோல் மண்டியில் நிறுவவும் முடியாது.

நிலைக் காந்தத்தால் எளிதில் தரக்கூடியது ஒன்றரை டெஸ்லா அளவே. அதற்குள் மிகுந்த குளிரைத் தரும் பொருள் வேண்டும் என்ற தேடலில்தான் உலோகக் கலவைகள் வந்தன. 1997-இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் பெச்சார்ஸ்கி, க்ஷ்னைட்னர் இருவரும் காடோலினியத்தோடு சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் கலந்து, அதுவரை எவரும் எதிர்பாராத அளவு பெரிய விளைவைக் கண்டார்கள். இக்கலவையில் காந்த ஒழுங்கு குலையும்போது படிக அமைப்பும் கூடவே மாறுகிறது. ஆகவே இரட்டை வரவு. 2002-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மாங்கனீசு, இரும்பு, பாஸ்பரஸ், ஆர்சனிக் சேர்ந்த கலவை வந்தது. ஆர்சனிக் கொடிய நஞ்சு. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை நீக்கிச் சிலிக்கானைச் சேர்த்தனர். ஏற்கெனவே குரோமியத்தோடு போராடும் பாலாற்றங்கரைக்கு இன்னொரு நஞ்சைக் கொண்டுவராமல் விட்டதற்கு நாமும் நன்றி சொல்லலாம்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் கலவை லாந்தனம், இரும்பு, சிலிக்கான் மூன்றும் சேர்ந்தது. அதில் பெரும்பங்கு இரும்பு, மலிவானது. அதன் மாறுநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 80 டிகிரி. ஆனால் ஹைட்ரஜன் வாயுவை அது நிறைய உறிஞ்சச் செய்தால் மாறுநிலை பூஜ்யத்துக்கு மேலே 60 டிகிரி வரை உயர்கிறது. அரைகுறையாக உறிஞ்சவிட்டால் நாளடைவில் பொருள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுவதால், முழுதும் நிரப்பிவிட்டு, சிறிது மாங்கனீசைச் சேர்த்து வேண்டிய டிகிரிக்கு இறக்கிக்கொள்கிறார்கள். வீணையின் பிருடையைத் திருப்பிச் சுருதி சேர்ப்பது போன்றது இவ்வேலை.

இச்சுருதி நமக்கு ஏன் முக்கியம்? மேல்நாட்டுக் கட்டுரைகள் 'அறை வெப்பநிலை' என்று எழுதும்போது அவர்கள் மனத்தில் இருப்பது 20 டிகிரி அறை. வேலூரில் மே மாதத்து அறை எத்தனை டிகிரி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே 5 டிகிரி, வெளியே 45 டிகிரி என்றால், இடையில் உள்ள 40 டிகிரியையும் இயந்திரம் ஏற வேண்டும். ஒரு கலவை தன் மாறுநிலையை ஒட்டிய சில டிகிரிகளில்தான் திறமையாக உழைக்கும். எனவே மாறுநிலை சிறிது சிறிதாக உயரும் பல கலவைகளை அடுக்கடுக்காக வைக்க வேண்டும்.

இதில் இரண்டு தொல்லைகள் உள்ளன. மாறுநிலையில் லாந்தனக் கலவையின் பருமன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு மாறுகிறது. விநாடிக்கு ஒரு முறை புலம் ஏறி இறங்கினால் ஆண்டுக்கு மூன்று கோடிச் சுற்றுகள். அத்தனை முறை விரிந்து சுருங்கினால் கல்லும் பொடியாகும். பிசினோடு கலந்து கட்டியாக்கியும், உள்ளே நுண்துளை விட்டும் இதைச் சமாளிக்க முயல்கிறார்கள். மற்றொன்று, புலம் போன பின்னும் உலோகம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாமல் பின்தங்குவது. பின்தங்கும் ஒவ்வொரு முறையும் செய்த வேலையில் ஒரு பகுதி வீண் வெப்பமாகிறது. குளிரைத் தேடிச் சென்றவன் சூட்டை வாங்கிவருவது போல.

இந்தப் பின்தங்கலை ஆராய்வதில் இந்திய ஆய்வுக்கூடங்களுக்கும் பங்கு உண்டு. இரும்பும் ரோடியமும் சேர்ந்த கலவையில் அறை வெப்பநிலையை ஒட்டி மிகப் பெரிய விளைவு தோன்றுவது முன்பே தெரியும். ஆனால் சில சுற்றுகளுக்குப்பின் அது மறைந்துவிடுகிறது என்று பலரும் கைவிட்டிருந்தனர். புலத்தையும் வெப்பநிலையையும் முறையான வழியில் ஏற்றி இறக்கினால் அவ்விளைவை மீண்டும் மீண்டும் பெறலாம் என்று 2008-இல் இந்தூரின் ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தைச் சேர்ந்த மானேகர், ராய் இருவரும் காட்டினார்கள். ரோடியம் உலகின் விலையுயர்ந்த உலோகங்களுள் ஒன்று என்பதால் அது குளிர்ப்பெட்டிக்கு வராது. கற்றுத் தந்த பாடம் பிற கலவைகளுக்கும் உதவும்.

திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயர் அழுத்த ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் எஸ். ஆறுமுகமும் அவருடைய மாணவர்களும், ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடத்தாரோடு சேர்ந்து, நிக்கல், மாங்கனீசு, வெள்ளீயம் கலந்த உலோகங்களை ஆராய்ந்துள்ளனர். ஹாய்ஸ்லர் கலவைகள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. செம்பும் மாங்கனீசும் போலத் தனித்தனியே காந்தமாகாத உலோகங்கள் சேர்ந்தபின் காந்தமாகும் வியப்பை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாய்ஸ்லர் கண்டறிந்தார். நிக்கல் சேர்ந்த இவற்றில் இன்னொரு வேடிக்கை: ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் புலத்தை ஏற்றினால் சூடாவதற்குப் பதில் குளிர்கின்றன. மாங்கனீசின் அளவை நூற்றுக்கு ஒரு பங்கு மாற்றினாலே அவ்வெப்பநிலை பல டிகிரி நகர்ந்துவிடும். வெளியிலிருந்து அழுத்தினாலும் நகரும். அழுத்தம் எவ்வளவு, நகர்வு எவ்வளவு என்று அளப்பது திருச்சியின் பணி. அருமண் உலோகமே வேண்டாத கலவை என்பது இவற்றின் சிறப்பு.

அச்சிறப்பை அண்மையில்தான் உலகம் உணர்ந்தது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த அருமண் உலோகங்களின் பட்டியலில் காடோலினியமும் இருந்தது. லாந்தனத்துக்கு நாம் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் 1909-லேயே கண்டறியப்பட்டது. அதில் லாந்தனமும், காந்தம் செய்ய உதவும் நியோடிமியமும் உண்டு. தோரியம் என்னும் கதிரியக்கப் பொருளும் சேர்ந்தே இருப்பதால் அரசின் நேரடிப் பொறுப்பில்தான் அதைக் கையாள முடியும்.

இனி மண்டிக்குத் திரும்புவோம். நாளொன்றுக்கு ஒரு டன், அதாவது 50 மாட்டுத் தோல்களைக் குளிர்விக்கும் சிறு கூடம் ஒன்றை எண்ணுங்கள். முன்போட்ட கணக்கின்படி நாள் முழுவதும் சராசரி 1.3 கிலோவாட் அளவில் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சுவர், கதவு வழி நுழைவதற்காக இன்னொரு பங்கு சேர்த்தாலும் இரண்டரை கிலோவாட். அமெரிக்காவின் அஸ்ட்ரோநாடிக்ஸ் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட இயந்திரம் ஆறு அடுக்கு லாந்தனக் கலவையோடு, நிலைக் காந்தத்தைச் சுழற்றி, ஏறத்தாழ அதே இரண்டரை கிலோவாட்டைத் தந்தது. ஆனால் குளிர்முனைக்கும் வெப்பமுனைக்கும் இடைவெளி 11 டிகிரி மட்டுமே. நமக்கு வேண்டியது 40. ஆற்றல் கிட்டிவிட்டது, ஏற்றம் கிட்டவில்லை. அடுத்த ஆண்டே இத்தத்துவத்தில் இயங்கும் திராட்சை மதுக் குளிர்பெட்டியின் மாதிரி ஒன்று அமெரிக்கப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. மதுவுக்கு மிகுந்த குளிர் தேவையில்லை. காட்சிக்கூடமும் வேலூரைப் போல் வேகவில்லை.

ஆகவே பாலாற்றங்கரைத் தோல் காந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சாதாரணக் குளிர் இயந்திரத்தைக் கொண்டே அடிமாட்டுக் கூடங்களின் பக்கத்தில் குளிர் அறைகளைத் தொடங்கலாம். சுவரில் வெப்பம் புகாத அறை, அதேபோன்ற லாரி, உரித்த இரண்டு மணி நேரத்திற்குள் தோலைக் கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம், உப்பில்லாத தோலுக்கு மண்டியில் ஒரு விலை என்ற இவையெல்லாம் எந்த இயந்திரம் குளிரைத் தந்தாலும் வேண்டியவையே. அவை அமைந்துவிட்ட இடத்தில், காந்த இயந்திரம் 40 டிகிரி ஏறக் கற்றுக்கொண்ட நாளில், மூலையில் இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.